தரம் 10 பையன் எழுதிய பாட்டும் நான் செய்த பிழையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "சினிமாப் பாட்டு வேண்டாம். உங்கள் வீட்டில் நடக்கிற ஒன்றைப் பற்றி எட்டு வரியில் நீங்களே ஒரு பாட்டு எழுதி வாருங்கள்." எல்லாரும் முழித்தார்கள். அதனால் தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடுகிற இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன்.

முதலாமவர் அறிவு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை எங்கள் பிள்ளைகளில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவருடைய பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. "எங்க அப்பாயி தங்கச்சியும் அப்படித்தான் போனாங்க டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. பாட்டி சொன்ன கதையிலிருந்துதான் அந்தப் பாட்டு வந்தது. 2024இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'வள்ளியம்மா பேராண்டி'.

இரண்டாமவர் அமெரிக்காவின் ட்ரேசி சாப்மன். 1988இல் வந்த 'ஃபாஸ்ட் கார்' என்ற பாட்டு. அப்பா குடிகாரர், அம்மா விட்டுப் போய்விட்டார், மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்துகிறாள், கடையில் வேலை செய்கிறாள். ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான் பெரிதாகக் கேட்கும். கதையைச் சொன்னபோது இரண்டு மூன்று பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இவர்கள் பாட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கரும்பலகையில் மூன்று விஷயம் எழுதினேன். ஒன்று, "சோகம்", "வறுமை" என்று பொதுவாகச் சொல்லாமல் கண்ணால் கண்ட ஒரு சின்னப் பொருளைச் சொல்வது. இரண்டு, ஊருக்கே பேசாமல் ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பேசுவது. மூன்று, வீட்டில் பேசுகிற மொழியிலேயே பாடுவது.

அடுத்த கிழமை ஒரு பையன் எழுதி வந்தான். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருசம். அவன் எழுதிய முதல் வரி: "அம்மா போன்ல சிரிக்குது, வச்ச பிறகு அழுவுது, எனக்குத் தெரியும்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கேதான் பிழை செய்தேன். இதைப் பாடசாலை நிகழ்ச்சியில் பாட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தேன். "சிரிக்குது" என்பதைப் "புன்னகைக்கிறாள்" ஆக்கினேன். "போன்" தொலைபேசி ஆனது. கடைசியில் தாய்மையின் பெருமை பற்றி நானே இரண்டு வரி சேர்த்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாளை வாசித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "நல்லா இருக்கு டீச்சர். ஆனா இது எங்க அம்மா இல்ல."

கரும்பலகையில் எழுதிய மூன்றாவது விஷயத்தை நானே அழித்துவிட்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். மேடையில் பாட விருப்பமா என்று அப்போதுதான் கேட்டேன். "வேணாம் டீச்சர், அம்மாவுக்கு மட்டும்" என்றான். அந்த வரியை இங்கே எழுதுவதற்கும் அவனிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்று இரவு என் உம்மும்மாவை நினைத்தேன். கலிமாவோடு தாலாட்டைத் தொடங்குவார். நடுவில் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும், எங்கள் குறும்புகளையும் கோத்துப் பாடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாட்டு வேறு. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அவரே எழுத்தாளர், அவரே பாடகர். அவர் மவுத்தாகிப் பல வருசம். எனக்குரிய பாட்டில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றப் பாதியைச் சொல்ல இனி ஆளில்லை.

லயத்து வீடுகளில் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டிப் பாடிய அம்மாமாரும் இப்படித்தான். நம்ம சி. வி. வேலுப்பிள்ளை ஐயா 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்திருக்காவிட்டால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்பாயி, அம்மாயி, உம்மும்மா யாராவது இருந்தால், அவர்கள் பாடுவதைப் போனில் பதிந்து வையுங்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள். உடனே பேஸ்புக்கில் போட வேண்டாம். முக்கியமாக, ஒரு சொல்லையும் திருத்த வேண்டாம்.

அந்தப் பையன் தன் பாட்டை வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குப் பாடி அனுப்பியிருக்கிறான். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இந்த முறை போன் வைக்கிறதுக்கு முன்னாடியே அழுதுட்டாங்க டீச்சர்" என்றான்.