‘ச’வில் ஒரு விசில்

காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தால் பத்து மணி வரை பேச்சுதான் எனக்குப் பிழைப்பு. சென்ற ஆண்டு ஒரு நாள் நிகழ்ச்சி முடியும் நேரத்தில் நேயர் ஒருவர் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். “அக்கா, கோவிச்சிக்காதீங்க. சாலை நெரிசல்னு நீங்க சொல்றப்ப விசில் சத்தம் கேக்குது. மைக் கெட்டுப் போச்சா?”

மைக் நன்றாகத்தான் இருந்தது. பதிவைப் போட்டுக் கேட்டேன். சாலை, செய்தி, சிரம்பான் என்று ‘ச’ வரும் இடமெல்லாம் மெல்லிய காற்றுச் சத்தம். கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. எனக்கு வயது 35. என் கல்யாணப் படத்தில் அந்த இடைவெளி இல்லை.

பல் மருத்துவரிடம் கடைசியாக எப்போது போனேன் என்று யோசித்தேன். கடைவாய்ப் பல் வலி தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வந்து ஏழு வருடம் இருக்கும். அதற்கு முன்னால் என்றால் தமிழ்ப்பள்ளியில் படித்த காலம்தான். பள்ளிக்குப் பல் தாதியர் வருவார்கள். ஆளுக்கொரு குவளையும் பிரஷுமாகக் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்தி, அவர்கள் சொல்லச் சொல்லத் துலக்குவோம். சொத்தை இருந்தால் பெயர் சொல்லி அழைத்து அடைத்து அனுப்புவார்கள். பள்ளியை விட்ட பிறகு யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. நானாகவும் போகவில்லை.

மருத்துவர் அளவு குறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு எண்களைச் சொல்ல, தாதி எழுதிக்கொண்டே வந்தார். “ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஆறு.” மூன்று மில்லிமீட்டர் வரை பயமில்லையாம். எனக்கு முன்பற்களில் ஆறு. ஈறு பல்லை விட்டு விலகிப் பைபோல் ஆகி, உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறது. பிடி தளர்ந்ததால் பற்கள் நகர்ந்துவிட்டன.

“பல் விளக்கும்போது ரத்தம் வந்திருக்குமே?”

“வந்துச்சு டாக்டர். பிரஷை அழுத்திட்டேன்னு நெனச்சேன்.”

இரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்தேன். ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டேன். தொடாத இடத்தில் அழுக்குப் படலம் தங்கி, காரையாக இறுகியது. இறுகிய காரையைப் பிரஷ் கொண்டு எடுக்க முடியாது. ரத்தம் வரும் இடத்தைத்தான் இன்னும் கவனமாக, மெதுவாகச் சுத்தம் செய்திருக்க வேண்டும். ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. ரத்தம்தான் அது தரும் செய்தி. புகைப்பவர்களுக்கு அந்த ரத்தம்கூடக் குறைவாகத்தான் வரும் என்றார் மருத்துவர்.

அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “வீட்டுல யாருக்காவது இனிப்பு நீர் இருக்கா?”

அப்பாவுக்கு இருக்கிறது. இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமம். அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் ஒவ்வொரு பல்லாக ஆடி விழுந்தபோது, வயசாகிவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம். மறுநாளே நான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். நல்ல வேளை, சர்க்கரை அளவு சரியாக இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு தடவையாக ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார்கள். “கிளீன் பண்ணா இருக்கற பல்லும் ஆடும்டி” என்று அத்தை பயமுறுத்தினார். அதையும் மருத்துவரிடமே கேட்டேன். பல்லை ஆட வைப்பது நோய்தான். காரை நிரம்பியிருக்கும்வரை அது வெளியே தெரிவதில்லை, எடுத்த பிறகுதான் தெரிகிறது என்றார்.

வீட்டில் முதல் வேலையாகக் கைப்பேசியில் நேரம் வைத்துப் பல் துலக்கினேன். விளம்பரங்களை நொடிக் கணக்கில் ஓட்டுகிறவள் நான். என் துலக்கல் 40 நொடியில் முடிந்துவிட்டது! தேவை இரண்டு நிமிடம். அதாவது 30 நொடி விளம்பரம் நான்கு. காலையில் எப்படிப் போனாலும் இரவு படுக்கும்முன் கட்டாயம். ஃப்ளூரைடு உள்ள பற்பசை. துலக்கியதும் நுரையைத் துப்புவதோடு சரி, நீர்விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும். பிரஷ் எட்டாத பல்லிடுக்குகளுக்கு ஒரு சின்ன பிரஷ் தனியாக வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது என் காப்பிக் குவளை. கெட்டிப்பால் காப்பியை நான்கு மணி நேரம் மிடறு மிடறாகக் குடிப்பது என் வழக்கம். இனிப்பு வாய்க்குள் போகும் ஒவ்வொரு தடவையும் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அது அடங்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அதற்குள் நான் அடுத்த மிடறு குடித்துவிடுவேன். பல் சொத்தையாவதற்கு, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். இப்போது ஒரே தடவையில் குடித்து முடித்துவிடுகிறேன். பிறகு பத்து மணி வரை வெறும் தண்ணீர்தான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஆறு, நாலாக இறங்கியிருந்தது. போன எலும்பு போனதுதான், இடைவெளியும் அப்படியே இருக்கிறது. நாக்கு நுனியைச் சற்றே பின்னுக்கு இழுத்து ‘ச’ சொல்லப் பழகிக்கொண்டேன். நேயர் மறுபடி புகார் செய்யவில்லை.

போன மாதம் அப்பாவை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கட்டணம் சொற்பம், காத்திருப்புதான் நீளம். “வலியே இல்லையே, எதுக்கும்மா?” என்று மூன்று தடவை கேட்டார்.

“எனக்கும் வலிக்கலப்பா,” என்றேன்.

அவர் என் முன்பற்களைப் பார்த்தார். பிறகு கேட்கவில்லை. அவருக்கு இன்னும் பதினொரு பற்கள் மிச்சம் இருக்கின்றன. தாதி பெயர் சொல்லி அழைத்ததும், கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.