குடி ஜீன் சந்துகளில்

பாங்காக்கின் நினைவுப் பாலத்தைக் கடந்து சாவோ பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் இறங்கியதும் எதிரே நிற்பது பிரயூன் விகாரையின் வெள்ளைத் தூபி. உயரம் 60 மீட்டர். முற்றத்துக் குளத்தில் ஆமைகளுக்குப் பிள்ளைகள் குச்சியில் செருகிய பப்பாளித் துண்டுகளை நீட்டுகிறார்கள். 1828இல் இந்த விகாரையை எழுப்பியவர் தித் புன்னாக், சியாம் அரசின் பேரமைச்சர். அவருடைய மூதாதை ஷேக் அகமது பாரசீகத்தின் கோம் நகரத்து வணிகர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்றைய தலைநகர் அயுத்தயாவுக்கு வந்து அரசவையில் உயர்ந்தவர். அந்த வம்சத்தில் ஒரு கிளை இஸ்லாத்திலேயே நின்றது. இன்னொரு கிளை பௌத்தம் தழுவியது. அந்தக் கிளையினர்தான் 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்துக்கு அடுத்தபடியாக நாட்டை நடத்தினார்கள். தாய்லாந்தில் கலப்பு வம்சத்தவர் ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் என்று நினைப்பவர்கள் இந்தத் தூபியிலிருந்து நடையைத் தொடங்க வேண்டும்.

விகாரைக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தால் குடி ஜீன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். வீட்டுச் சுவர்களில் மாதா படங்கள், நிலைப்படிக்கு மேல் சிலுவை. சந்து முடியும் இடத்தில் சாந்தா குரூஸ் தேவாலயம், செந்நிறக் குவிமாடத்தோடு ஆற்றைப் பார்த்து நிற்கிறது. 1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தபோது சியாமியரோடு சேர்ந்து போரிட்டவர்களில் போர்த்துகீசிய வம்சத்தவரும் உண்டு. புதிய தலைநகரைத் தோன்புரியில் அமைத்த தாக்சின் மன்னர் 1769இல் அவர்களுக்கு இந்த நிலத்தைக் கொடுத்தார். இப்போதுள்ள கட்டடம் 1916ஆம் ஆண்டினது.

தேவாலயத்துக்குப் பின்னால் கேக் சுடும் வீடுகள். வாத்து முட்டை, சர்க்கரை, மாவு மூன்றையும் நுரைக்க அடித்து அச்சில் ஊற்றிச் சுடுகிறார்கள். வெண்ணெய் கிடையாது, ஈஸ்ட் கிடையாது. செய்முறை போர்த்துகீசியருடையது. மேலே தூவுவது உலர்திராட்சையோடு சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணித் துண்டும் உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழமும். இரண்டும் சீனரிடமிருந்து வந்தவை. சூடாக ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. விற்ற பெண்மணியிடம், "உங்கள் குடும்பம் எந்த ஊர்க்காரர்கள், அம்மா?" என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். பாட்டி வழி போர்த்துகீசியம், தாத்தா வழி சீனம் என்றார். "நாங்கள் தாய்க்காரர்கள்தான்" என்று உடனே சேர்த்துக்கொண்டார். புனித வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை இந்த ஊரார் நடித்துக் காட்டுவார்களாம். அதற்கு வரச் சொன்னார்.

ஆற்றோர நடைபாதையில் சற்றுத் தூரத்தில் ஹொக்கியன் சீனரின் குவான்யின் கோயில். அதையும் கடந்தால் கல்யாணமித்ர விகாரை. சீன வம்சத்துப் பிரபு ஒருவர் 1825இல் கட்டியது. உள்ளே 15 மீட்டர் உயரப் புத்தர். சீனர்கள் அவரைத் தங்கள் சாம் போ கோங் தெய்வமாக வணங்குகிறார்கள். நிலம் கொடுத்த தாக்சினின் தந்தையும் தியோச்சியூ சீனக் குடியேறிதான். நாட்டை மீட்ட மன்னரின் பிறப்பு அப்படி இருக்க, 1914இல் ஆறாம் ராமா மன்னர் சீனரை யூதரோடு ஒப்பிட்டுக் கண்டித்து எழுதினார். 1939இல் பிபூன் சோங்கிராம் அரசு சியாமைத் தாய்லாந்து ஆக்கியது. வட்டாரத்தையோ மதத்தையோ சொல்லி மக்களைப் பிரிக்கக் கூடாது, எல்லோரும் தாய் என்றே அழைக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. கேக் விற்ற பெண்மணி அவசரமாகச் சேர்த்துக்கொண்ட அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கல்யாணமித்ர விகாரைக்குப் பின்புறம், பாங்காக் யாய் கால்வாய்க் கரையில் பாங் லுவாங் மசூதி. குவிமாடம் இல்லை, மினார் இல்லை. வெள்ளைச் சுவர், பச்சை ஓடு, விகாரையைப் போலவே அடுக்குக் கூரை. முகப்பின் முக்கோணச் சுதை வேலையில் தாய் சட்டகத்துக்குள் மேலைநாட்டு இலைக்கொடியும் சீனப் பூக்களும். கூரையைத் தாங்கும் 30 தூண்கள் குர்ஆனின் 30 பாகங்களைக் குறிப்பவை. முதலாம் ராமா காலத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவர் கட்டியது. நெடுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாரும் யாரையும் எதையும் விடச் சொல்லாமலே ஒரு நாட்டுக்காரர் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி பாங்காக்கில் இருக்காது.

தலைநகருக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த இந்த இடம், நிலத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. தெற்கே பத்தானியின் மலாய் முஸ்லிம்கள் மீதான சியாமின் ஆட்சியை 1909இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தம் உறுதிப்படுத்தியது. பத்தானியின் மார்க்க அறிஞர் ஹாஜி சுலோங் 1947இல் அரசிடம் ஏழு கோரிக்கைகள் வைத்தார். மலாய் மொழிக்கும் அரசு அலுவல்களில் இடம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1954இல் காவல் துறை கூப்பிட்டுப் போன அவர் திரும்பவில்லை. 2004 அக்டோபரில் அதே தெற்கின் தாக் பாயில் ஒரு போராட்டத்தை அரசுப் படைகள் ஒடுக்கியதில் 85 பேர் இறந்தார்கள். அவர்களில் 78 பேர் கைதாகி, ராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்கள். குற்ற வழக்குக்கான 20 ஆண்டுக் கெடு 2024இல் முடிந்தபோது அந்த வழக்கில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் நின்றிருக்கவில்லை. பாங் லுவாங்கைப் பெருமையோடு சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் அரசிடம் பத்தானிக்காரர்கள் கேட்பது சலுகை அல்ல. இந்தக் கால்வாய்க் கரையில் 200 ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டதைத்தான் கேட்கிறார்கள்.