ஆன்டிபாடி நெகட்டிவ்னு வந்தா எல்லாம் போயிடுச்சா?

1/ கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க. கொரோனா ஆன்டிபாடி ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு பயந்தவங்க உங்க வீட்டிலும் இருக்கலாம்.

2/ 2022 தொடக்கம், ஒமிக்ரான் நேரம். தேவனாம்பட்டினத்துல இருந்து மீன் விக்கிற அக்கா ஒருத்தர் வந்தார். கையில லேப் ரிப்போர்ட். போன ரெண்டு தடவை பாசிட்டிவ், இந்தத் தடவை நெகட்டிவ். "எல்லாம் கரைஞ்சு போச்சா டாக்டரே?"

3/ 2021 மே மாசம் அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் ஒரே வாரத்துல காய்ச்சல். இவர் பிழைச்சார். அவர் ஆஸ்பத்திரியில இருந்து திரும்பலை. அதுக்கப்புறம் இவர் ஊசியும் போடலை. மூணு மாசத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்து, "இருக்கு"ன்னு வந்தா நிம்மதியா போயிடுவார்.

4/ ஆன்டிபாடிங்கிறது ரத்தத்துல மிதக்கிற புரதம். வைரஸ் செல்லுக்கு வெளியே இருக்கும்போதுதான் அதைப் பிடிக்கும். தொற்று முடிஞ்சு சில மாசங்கள்ல அளவு இறங்குறது இயல்பு.

5/ வைரஸ் செல்லுக்குள்ள புகுந்துட்டா? அந்த செல், வைரஸ் புரதத்தைத் துண்டு துண்டா வெட்டித் தன் மேற்பரப்புல காட்டும். அதைப் படிக்கிறது டி செல். ஒரு வகை அந்த செல்லையே அழிக்கும். இன்னொரு வகை, ஆன்டிபாடி தயாரிக்கிற பி செல்களுக்கு உதவும். வேலை முடிஞ்சதும் பெரும்பாலானவை செத்துடும். கொஞ்சம் மட்டும் நினைவு செல்லா தங்கும். சாதாரண ஆன்டிபாடி டெஸ்ட்ல இது தெரியாது.

6/ எவ்வளவு காலம் தங்கும்? 2003ல சார்ஸ் வந்து பிழைச்சவங்களை சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பரிசோதிச்சாங்க. 17 வருஷம் கழிச்சும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்துச்சு. அதுல சில, புதுக் கொரோனாவையும் அடையாளம் கண்டுச்சு.

7/ அக்காகிட்ட இப்படிச் சொன்னேன்: "2004 டிசம்பர் 26ல சுனாமின்னா என்னன்னு உங்க ஊருக்குத் தெரியாது. 2012 ஏப்ரல்ல சுமத்ரா பக்கம் நிலநடுக்கம்னு செய்தி வந்ததும் கடலோரத்து ஜனங்க பதறி எழுந்தாங்களே, ஏன்? ஏழு வருஷத்துக்கு மேல கரையில யாரும் காவல் நிக்கலை. நினைப்பு உள்ளே இருந்துச்சு. டி செல்லும் அப்படித்தான்."

8/ ஒமிக்ரான் ஆன்டிபாடிக்குப் பெரும்பாலும் தப்பிச்சது. ஆனா தென்னாப்பிரிக்க ஆய்வுல, டி செல்களோட செயல்பாடு 70 முதல் 80 சதவீதம் வரை அப்படியே இருந்துச்சு. காய்ச்சல் நிறைய பேருக்கு வந்தும், பலருக்கு நுரையீரல் வரை போகாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

9/ கேட்டுட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப எங்கூட்டுக்காரரு உடம்புல அந்த செல்லு இல்லையா?"

10/ இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கு. ஆனா முதல்முறை பார்க்கிற வைரஸுக்கு எதிரா டி செல் பெருகி வர ஒரு வாரத்துக்கு மேல ஆகலாம். வயசும் சர்க்கரையும் இருந்தா இன்னும் தாமதமாகலாம். அதுக்குள்ள வைரஸ் முந்திக்கும். தீவிர நோயாளிகளோட ரத்தத்துல லிம்போசைட் எண்ணிக்கை சரிஞ்சதை அந்த மே மாசம் நாங்க தினமும் பார்த்தோம்.

11/ "ஊசி போட்டிருந்தா?" எனக்குப் பொய் சொல்ல வரலை. "வாய்ப்பு கூடியிருக்கும்க்கா" என்றேன். "நான்தான் அப்புறம் போட்டுக்கலாம்னு சொன்னேன்" என்றார்.

12/ அது நடிகர் விவேக் மறைந்த ஏப்ரல். பயந்தது இவர் மட்டும் இல்லை. அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லைன்னு நிபுணர் குழு அறிவிச்சது பல மாசம் கழிச்சு. "ஊரே பயந்த நேரம்க்கா. அந்தப் பாரத்தை நீங்க ஒருத்தரே சுமக்காதீங்க" என்றேன். அழுதார். நானும் அடுத்த நோயாளியைக் கூப்பிடாம உட்கார்ந்திருந்தேன்.

13/ சுருக்கம்: ஆன்டிபாடி எண்ணை வச்சு தைரியமும் வேண்டாம், பயமும் வேண்டாம். அந்த டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுக்காதீங்க. "டி செல் இருக்கே"ன்னு ஊசியைத் தவிர்க்கவும் வேண்டாம். டி செல் பெரும்பாலும் தொற்றைத் தடுக்காது, நோய் முத்தாம தடுக்கும். ஊசிங்கிறது வைரஸ் வர்றதுக்கு முன்னாடியே அதோட அடையாளத்தைக் காட்டி வைக்கிறது. வயசானவங்க, சர்க்கரை உள்ளவங்க உங்க டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

14/ அடுத்த வாரம் அக்கா வந்தார். ரிப்போர்ட் இல்லை. ஊசி போட்ட கையைத் தேய்ச்சுக்கிட்டே, "வலிக்குது டாக்டரே, மாத்திரை போடலாமா?"ன்னு கேட்டார்.

போடலாம்க்கா.