பேட்டரி கூறும் கணக்கு

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையில் மடிக்கணினி பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றில் ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்து, அத்தொழிலாளர்களின் வேலையைக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின், முன்பு அக்கருவியைக் கண்டறியாத குடும்பங்களிலும் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. புதிய பேட்டரி வாங்க வசதியற்றவர்கள் பழைய பேட்டரி பேக்கையே கொண்டுவந்து, உள்ளிருக்கும் செல்களை மட்டும் மாற்றித் தரும்படி கேட்கிறார்கள்.

பேக்கைத் திறந்தால், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஆறு லித்தியம் செல்களும், அவற்றை ஒட்டி மெல்லிய சர்க்யூட் போர்டு ஒன்றும் தென்படுகின்றன. அப்போர்டில் உள்ள சிப் ஒன்றே பேட்டரியின் கணக்குப்பிள்ளை. ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே தடையுள்ள சிறு துண்டின் வழியே மின்னோட்டம் செல்லும்போது எழும் மில்லிவோல்ட் வித்தியாசத்தை இடைவிடாமல் அளந்து, வரவையும் செலவையும் கூட்டிக் கழித்து, மிச்சம் எவ்வளவு என்பதை அது ஞாபகத்தில் வைத்திருக்கிறது.

அக்கணக்கைக் கேட்டறிய, தரைக் கம்பி நீங்கலாக, இரண்டே கம்பிகள் போதும்: ஒன்றில் கிளாக், மற்றதில் டேட்டா. 1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஐ-ஸ்கொயர்-சி முறையை ஆதாரமாகக் கொண்டு, 1995-இல் இன்டெல் வெளியிட்ட எஸ்.எம்.பஸ் என்னும் நெறி இது. இதில் பேட்டரியின் முகவரி 11. கடையின் மூத்த தொழிலாளி அம்முகவரியை அனுப்பியபோது, ஆசிலாஸ்கோப் திரையில் கிளாக்கின் எட்டுத் துடிப்புகள் கடந்தன. ஒன்பதாவது துடிப்பில் சிப் தானே டேட்டா கம்பியைத் தாழ இழுத்துத் தன் சம்மதத்தைத் தெரிவித்ததைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். வோல்டேஜைக் கேட்கும் கட்டளை 9. விடையாக 76, 44 என்று இரண்டு பைட்டுகள் வந்தன. கீழ்ப் பைட்டு முதலில் வருவது விதியாதலால், 44-ஐ 256-ஆல் பெருக்கி 76-ஐக் கூட்ட, 11,340 மில்லிவோல்ட் கிடைத்தது. அதை எழுதிக்கொண்ட கையோடு, மல்டிமீட்டரின் முனைகளைச் செல்களின் மீது வைத்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று அவர் சரிபார்த்தார்.

"செல்லு மாத்துறது பாதி வேலைதான் சார், கணக்கு நேரானாத்தான் முழு வேலை" என்றார் அவர். புதுச் செல்களை வைத்த பிறகும், பழைய செல்களின் தேய்ந்த கொள்ளளவையே சிப் நம்பிக்கொண்டிருக்கும். ஆகையால் பேக்கை முழுதாக ஏற்றி, ஆறவிட்டு, முழுதாக இறக்கி, மறுபடியும் ஏற்றி, புதிய அளவை அதற்குக் கற்பிக்க வேண்டும். செல்களைக் கழற்றும் வேளையில் போர்டுக்கு மின்சாரம் நின்றால் சில சிப்கள் பூட்டிக்கொண்டுவிடும் என்பதால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே சால்டரிங் செய்கிறார்கள்.

ஒரு பேக்கில் செல் ஒன்று அடியோடு வற்றிப்போக, ஆபத்தை உணர்ந்த சிப் நிரந்தரத் தடை இட்டிருந்தது. தடையை மட்டும் அழித்துத் தரும்படி அதன் சொந்தக்காரர் எவ்வளவோ மன்றாடியும் மூத்தவர் இணங்கவில்லை. அவ்வாறு வற்றிய செல்லின் உள்ளே தாமிரம் கரைந்து படிந்திருக்கக்கூடும், மீண்டும் ஏற்றினால் உட்புறம் ஷார்ட் ஆகித் தீப்பற்றவும் கூடும் என்று பொறுமையாக விளக்கி, செல்களை மாற்றினாலன்றித் தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். எண்ணைத் திருத்தும் சாமர்த்தியமும், திருத்தலாகாத இடத்தில் மறுக்கும் விவேகமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதால்தான் அவரை நம்பி ஜனங்கள் பேட்டரியை ஒப்படைக்கிறார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தொழிலைக் கற்பிக்கும்போது, இவ்விரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே போதிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.