அட்லாண்டாவில் மார்கழி

"அட்லாண்டாவா? தெற்கத்தி ஊராச்சே, அங்கே ஏது குளிர்!" என்று சொன்னவர்கள் யாரும் அங்கே டிசம்பரில் பச்சைக் குழந்தையோடு இருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தேன். பகலில் 12 டிகிரி, இரவில் 2 டிகிரி. சிகாகோக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்! ஆனால் இந்தக் குளிர் நிலையாக இருக்காது. திங்கட்கிழமை ஸ்வெட்டரே வேண்டாம். புதன்கிழமை பூந்தொட்டித் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்து கிடக்கும்.

ஊரும் குளிருக்குப் பழகியதல்ல. 2014 ஜனவரி 28-ல் இரண்டரை அங்குலப் பனி பெய்ததற்கே ஆயிரக்கணக்கான கார்கள் ரோட்டில் சிக்கி, பல குழந்தைகள் இரவைப் பள்ளிக்கூடத்திலேயே கழித்தார்களாம். பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் தரைக்கு அடியிலும் வெளிச்சுவர் ஓரமாகவும் ஓடுகிறது. ஒருநாள் ராத்திரி மாப்பிள்ளை எல்லாக் குழாய்களையும் நூல்போல ஒழுக விட்டுவிட்டுப் படுக்கப் போனார். மெட்ராஸில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த எனக்கு மனசு கேட்குமா? எழுந்துபோய் ஒவ்வொன்றாக மூடிவிட்டேன். விடிந்தால் சமையலறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை! உள்ளே உறைந்துவிட்டது. "பரவாயில்லை அத்தை, குழாய் வெடிக்காமல் போச்சே" என்று தலை உலர்த்தும் மெஷினோடு சிங்க்குக்கு அடியில் நுழைந்தார் மாப்பிள்ளை. பாவம், நல்ல பிள்ளை.

தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும். வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்கித்தான் குழந்தைக்குத் தேய்ப்பேன். ஹீட்டர் காற்றில் எல்லோருக்கும் உதடு வெடிப்பு. இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். மகளைத்தான் சமாளிக்க முடியவில்லை. சாயந்தரம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அம்மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்மா."

"நாப்பது நாள் ஆகட்டும். பிள்ளைக்குக் காத்து பட்டா ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

குழந்தையின் ஒரு மாதப் பரிசோதனைக்குப் போனபோது, தாய்க்கும் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்றெல்லாம். மகள் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அவள் பேனா நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ராத்திரியில் அவள் அழுதது எனக்குத் தெரியவில்லையே! டாக்டரம்மா அவளிடம் வெகுநேரம் பேசினார். இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். என்னிடம், "ஜலதோஷம் கிருமியால்தான் வருகிறது, குளிர்காற்றால் அல்ல. நீங்கள் போடுவதைவிட ஒரு துணி அதிகமாகப் போட்டுக் குழந்தையை வெளியே கொண்டுபோங்கள்" என்றார். காரில் பட்டை மாட்டும்போது மட்டும் தடித்த கோட்டு கூடாதாம்; பட்டை இறுக்கமாக நிற்காது.

மறுநாளே தெருவைச் சுற்றினோம். அந்தக் குளிரிலும் வேலியோரம் கமேலியா சிவப்புச் சிவப்பாகப் பூத்திருந்தது. அப்போதுதான் பழக்கமானார் பக்கத்து வீட்டு அம்மாள். எழுபது வயதிருக்கும், கறுப்பினத்தவர். புது வருஷத்தன்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். திறந்தால் நம்ம காராமணி! கூடவே காலர்டு கீரை. ஜனவரி முதல் தேதி காராமணி தின்றால் அதிர்ஷ்டம், கீரை தின்றால் காசு சேருமாம். அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களோடு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயறு அது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரலாமா? காராமணிச் சுண்டல் செய்து கொடுத்தேன். மகளும் அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

பொங்கல் சமயத்தில் அங்கே ஒரு லீவு வருகிறது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. 1986 முதல் ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மத்திய அரசு விடுமுறை. ஆபர்ன் அவென்யூவில் அவர் பிறந்த வீட்டைத் தெருவில் நின்று பார்த்தோம். 1959-ல் மனைவி கொரெட்டாவோடு நம் நாட்டுக்கு வந்தவராயிற்றே. இருவர் சமாதியும் தண்ணீருக்கு நடுவே இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கைத்தடியோடு நம் காந்தி தாத்தா சிலை! கம்பளிக் குல்லாயோடு பேரனைத் தூக்கிக் காட்டினேன். அவன் கொட்டாவி விட்டான். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தள்ளுவண்டியை அவளே தள்ளிக்கொண்டு போனாள். "நீ மெதுவா வாம்மா, மூச்சு வாங்குது பாரு" என்றாள்.