இருபத்தைந்து மடங்கு

மொனராகலைப் பக்கத்தில் சோளச் சேனை செய்கிறவனுக்கு நாய் ஓர் ஆடம்பரமல்ல. இரவில் பன்றி இறங்கினாலும் யானை வந்தாலும் முதலில் அறிவது அதுதான். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்கொண்டு, கழுவ வேண்டும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பயிர்க்காவலுக்கு நாய் வைத்திருக்க அனுமதியுண்டு என்பதும் தெரியும். என் மச்சானின் சேனைக்கென வந்த குட்டி அந்த எல்லைக்குள்தான் வளர்ந்தது. மாட்டுக் கொட்டிலின் ஓரம், ஒரு சாக்கு, ஒரு சிரட்டை.

2018 நவம்பரில் அதற்குச் சொறி கண்டது. மச்சான் விதைப்பில் நின்றதால் நானே அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அன்று அங்கே கன்றுகளின் வரிசை. குட்டியை நிறுத்தார்கள்: 2 கிலோ. ஊசி போட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் அட்டையில் எழுதித் தந்தார்கள். ஐவர்மெக்டின், 1 மில்லிலீற்றர்.

மாலையில் குட்டி தள்ளாடியது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கண்மணிகள் அகல விரிந்திருந்தன. முகத்துக்கு நேரே கை அசைத்தாலும் இமைக்கவில்லை. இரவில் நடுக்கம் தொடங்கியது.

ஐவர்மெக்டின் சாதாரண மருந்தல்ல. அதைக் கண்டறிந்த ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆபிரிக்காவில் ஆற்றுக்குருடு எனும் நோயால் பார்வை இழக்கவிருந்த எத்தனையோ பேரைக் காத்தது அது. ஆனால் மாடுகளுக்கான ஊசிமருந்தில் 50 கிலோ எடைக்கு 1 மில்லிலீற்றர் என்பதே கணக்கு. அதே விகிதத்தில் 2 கிலோவுக்கு 0.04. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும் கணக்கு. குட்டியின் உடம்பில் ஏறியிருந்தது இருபத்தைந்து மடங்கு.

மறுநாள் விடியவே அட்டையோடு போனேன். "குட்டி பலவீனமானது, சேர்" என்று உதவியாளர் தொடங்கினார். வைத்தியர் கையமர்த்தி அவரை நிறுத்தினார். அட்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிழை என்னுடையது. கன்றுக்கு ஏற்றி வைத்த ஊசியைத்தான் போட்டிருக்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார்.

பிறகு சொன்னவைதான் முக்கியம். இதற்கு முறிமருந்து கிடையாது. மருந்து உடம்பை விட்டு மெல்லத்தான் இறங்கும். அதுவரை சூடு குறையாமல் வைத்திருக்க வேண்டும். சில மணிக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இமைக்காத கண் காய்ந்துவிடாமல் களிம்பு பூச வேண்டும். விழுங்கும் சக்தி வரும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சேலைனை அவரே ஏற்றினார். அடுத்த மூன்று நாளும் வந்து பார்த்தார்.

ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. "ஒரு நாய்க்காகவா இந்த அலைச்சல்?" என்றது ஒன்று. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற ஹதீஸை ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான் அவர்கள். "மிருக வைத்தியர் சபைக்கு மனு எழுதுங்கள்" என்றது மற்றது. நான் மனு எழுதவில்லை. நடந்ததை அட்டையிலேயே எழுதித் தரும்படி மட்டும் வைத்தியரிடம் கேட்டேன். எழுதி ஒப்பமிட்டார்.

இரக்கத்தால் விட்டுவிட்டேன் என்று சிலர் நினைத்தார்கள். அப்படியல்ல. "நோய் முற்றிவிட்டது" என்று அவர் சொல்லியிருந்தால் நாங்களும் நம்பியிருப்போம். என் மகள் அன்றிரவே பாலைக் காய்ச்சி ஊற்றியிருப்பாள். அது நுரையீரலுக்குப் போயிருக்கும். முறிமருந்து இல்லாத இடத்தில் அவர் ஒப்புக்கொண்ட உண்மைதான் மருந்தாக நின்றது. மறைத்திருந்தால் நிச்சயம் மனு எழுதியிருப்பேன்.

ஐந்தாம் நாள் குட்டியின் கண் என் மகளின் கையைத் தொடர்ந்தது. பத்தாம் நாள் சிரட்டையைத் தானே நக்கியது. சோளம் கதிர் விட்டபோது அது சேனையில் குரைத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் மாடோ ஆடோ கொண்டுபோகும் அயலவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்கிறேன்: எடை எவ்வளவு, மருந்து என்ன, அளவு எவ்வளவு. வைத்தியர் கோபிப்பாரோ என்று தயங்குகிறார்கள். எங்கள் வைத்தியர் கோபிப்பதில்லை. இப்போது ஊசி ஏற்றுமுன் எடையை அவரே உரக்கச் சொல்கிறார்.