பின்னால் வாசிப்பவன்

பங்குனி வெயில் ஏறிவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியாது. பாத்தி பாத்தியாக வெள்ளை கூசும். அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு கூனிமேட்டிலிருந்து சைக்கிளில் போவேன். உப்புத் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் கொட்டகை ஒன்றுதான் அங்கே நிழல். ஜிப்சி ஜாஸை நான் முதலில் கேட்டது அந்தக் கொட்டகையில்.

கேட்க வைத்தவர் மாமா. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து விடுப்பில் வந்தவர், ஒருநாள் டேப்ரிக்கார்டரோடு என் பின்னாலேயே உப்பளத்துக்கு வந்துவிட்டார்.

"மாப்ளே, மொதல்ல இஞ்சினைக் கேளு. அப்புறம் இதக் கேளு."

இஞ்சின் டுக்கு டுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டில் இரண்டு கிதார்கள் அதே ஓட்டம் ஓடின. அவற்றின் மேல் இன்னொரு கிதார், வரப்பில் ஓடும் பிள்ளையைப் போலக் கால் பாவாமல் போனது. மேளம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது.

"பின்னால அடிக்கிறாங்க பாரு, அதுக்கு அவங்க வெச்ச பேரு பொம்ப். நம்ம பம்புதான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரெஞ்சில் பம்புக்குச் சொல்லும் அதே சொல்தான் இந்த வாசிப்புக்கும் பெயர். நாலு தட்டில் முதலும் மூன்றும் லேசாக ஒலிக்கும். இரண்டும் நாலும் வெட்டினாற்போல் விழும்; வலக்கை அடித்த மறுகணம் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை நிறுத்திவிடும். கம்பியை மீட்டும் கையே தாளமாகவும் ஆகிவிடுவதால் தாளத்துக்கென்று தனியாக ஆள் வேண்டியதில்லை.

துள்ளிப் போன அந்த மூன்றாவது கிதார் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910இல் பெல்ஜியத்தில், வண்டியே வீடாக வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களில் நெருப்பு பற்றிக்கொண்டது. இடக்கையில் இரண்டு விரல்கள் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களை வைத்தே ஐரோப்பா திரும்பிப் பார்க்கும் வாசிப்பை உண்டாக்கினார். 1934இல் பாரிஸில் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அவர் அமைத்த ஐவர் குழுவிலிருந்துதான் இந்த இசை ஒரு மரபாகத் தொடங்குகிறது. அந்தக் குழுவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கிராப்பெல்லி தனியாக வாசிக்கும்போது அவருக்குப் பின்னால் இரண்டு கிதார் இருக்கிறது, எனக்குப் பின்னால் ஒன்றுதானே என்று ஜாங்கோ குறைப்பட்டாராம். அதற்காகவே தம்பி ஜோசப்பைச் சேர்த்துக்கொண்டார்களாம். ஜாங்கோ 1953இல் 43 வயதில் இறந்துபோனார். அவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஜோசப்பின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமா இருந்த, பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் இந்த இசை வீட்டுக்கு வீடு வாழ்கிறது. அதை வாசிக்கும் மக்களுக்கு அங்கே ஜிப்சி என்ற பெயரைவிட மனுஷ் என்பதுதான் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இசையையே மனுஷ் ஜாஸ் என்கிறார்கள். அந்த மக்களின் மொழியில் மனுஷ் என்றால் மனுஷன். உப்புக்கு லோன். நாம் லவணம் என்கிறோமே, அதே வேர். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவை விட்டுக் கிளம்பி, பாரசீகமும் ஆர்மீனியாவும் கடந்து, 15ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். வழியில் எத்தனையோ சொற்களைத் தொலைத்திருப்பார்கள். உப்பைத் தொலைக்கவில்லை. உப்பளத்துப் பிள்ளையான எனக்கு இதைத் தெரிந்துகொண்ட அன்று உடம்பு சிலிர்த்தது.

வண்டியும் உப்பும் பாட்டும் சேர்ந்து போவது எங்கள் கரைக்குப் புதிதும் இல்லை. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதே பாட்டில், கொற்கைப் பக்கம் உமணரின் உப்பு வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. கையில் சீறியாழோடு இந்த மணலில் நடந்த பாணர் குடிகள் இன்று இல்லை. அந்த யாழின் ஒலி எப்படி இருந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அல்சாஸ் வீடுகள் நினைவுக்கு வருகின்றன.

அந்த வீடுகளில் வாழ்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். உடல் அளவுகள் குறித்த அடையாளப் புத்தகம் ஒன்றை நாடோடிகள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1912இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியிருந்தான். பிறகு ஹிட்லர் காலம். கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்கள் – ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் – குறைந்த கணக்கிலேயே 2,50,000 பேர். எழுதி வைக்காத இசைக்குக் கிழவர்கள் வேண்டும். அந்தக் கிழவர்களைத்தான் கொன்றார்கள்.

மிஞ்சியவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நோட்டு கிடையாது, காதுதான். பிள்ளை முதலில் பொம்ப் பழக வேண்டும். மாமனும் சித்தப்பாவும் மெட்டு வாசிக்க, அவன் பின்னாலிருந்து மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். மெட்டு அப்புறம்தான். டோனி கட்லிஃப் 2002இல் எடுத்த 'ஸ்விங்' படம் இந்தப் படிப்பைப் பற்றியது. சிறுவனுக்குக் கிதார் சொல்லிக்கொடுப்பவராக, ஸ்ட்ராஸ்பூரில் வாழ்ந்த கிதார்க்காரர் சாவோலோ ஷ்மிட்டே நடித்தார். அதே ஊரில் பிறந்த மாண்டினோ ரைன்ஹார்ட்டும் அதில் உண்டு.

அல்சாஸில் மண்பாண்டத்துக்குப் பேர்போன சூஃப்லென்ஹைம் ஊரில் 1966இல் பிறந்தவர் மனுஷ் கிதார்க்காரர் பிரெலி லக்ரேன். 1980இல் 13 வயதில் அவர் வாசித்துப் பதிவான 'ரூட்ஸ் டு ஜாங்கோ' தட்டைக் கேட்டவர்கள் ஜாங்கோ திரும்பி வந்துவிட்டார் என்றார்கள். வளர்ந்ததும் மின்கிதார் எடுத்துக்கொண்டு வேறு ஜாஸ் பக்கம் வெகுதூரம் போய்விட்டு, பல வருஷம் கழித்துத் தன் ஜிப்சி குழுவோடு இந்த இசைக்குத் திரும்பினார். போனதும் சரி, வந்ததும் சரி. திரும்பி வர ஓர் இடம் அவருக்கு இருந்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த இடத்தைக் காத்து வைத்திருந்தவர்கள் பின்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர்.

1980ஆம் வருஷத் தட்டில் அப்படி அடிக்கிறவர் பிரெலியின் அண்ணன் கைத்தி. மாமா போன பிறகு அவருடைய கேசட்டுகள் என்னிடம் வந்தன. உப்புக் காற்றில் நாடா ஒட்டிக்கொண்டது. இப்போது கைபேசியில்தான் கேட்கிறேன். கொட்டகைப் பக்கம் போகிற நாளில், ஒரு பாட்டு முழுக்க அண்ணனை மட்டும் கேட்பது என்று உட்காருவேன். பாதி வரை போகும். அதற்குள் தம்பி இழுத்துக்கொண்டு போய்விடுகிறான்.